வளையம் இறுகவில்லையா?

மணி கோத்த டாட்டிங் (ஷட்டில் என்ற, நூல் சுற்றிய சிறு கருவியால் முடிச்சுப் போட்டுச் செய்யும் லேஸ் வேலை) கம்மலில் வளையம் இறுகாமல், இழுத்தால் நூல் அறுந்துபோகிறது என்று எழுதியிருந்தீர்களே, குற்றம் மணியில் இல்லை. ஏதோ ஒரு முடிச்சு புரளாமல் நின்றிருக்கும். கையைச் சுற்றிய நூல்தான் ஷட்டில் நூலின் மேல் முடிச்சாக விழ வேண்டும். தலைகீழாக விழுந்தால் அங்கேயே பூட்டிக்கொள்ளும், எவ்வளவு இழுத்தாலும் நகராது. ஒவ்வொரு டபுள் ஸ்டிச் (இரண்டு அரை முடிச்சு சேர்ந்த ஒரு முழு முடிச்சு) போட்டதும் ஷட்டில் நூலை லேசாக இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு வந்தால் சரி. அப்புறம் மணிகளை ஷட்டிலில் நூல் சுற்றும் முன்பே கோத்துவிட்டு, அந்த வளையத்தின் பிகாட்டில் (முடிச்சுகளுக்கு நடுவே விடும் சின்ன நூல் கண்ணி) வர வேண்டியவற்றை எண்ணி, தொடங்கும்போதே கைச்சுற்றுக்குள் தள்ளிவிட வேண்டும், பாதியில் நினைவு வந்தால் பிரிப்பதுதான் வழி (எத்தனை ராத்திரி பிரித்திருக்கிறேன்!). 20ஆம் எண் நூலுக்கு 11/0 அளவு பொடிமணி பொருந்தும். துவண்டு தொங்கினால் கஞ்சி போட்டு, குண்டூசி குத்தி விரித்துக் காயவையுங்கள்.