ஒரு கப் புட்டிங்கில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை?

கேள்வி: என் ஏழு வயது மகள் பால் டம்ளரைக் கண்டாலே ஓடுகிறாள். 'பாலின் நன்மை நிறைந்தது' என்று முன்பக்கத்தில் போட்டிருக்கும் வெனிலா புட்டிங்கை மட்டும் ஆசையாகச் சாப்பிடுகிறாள். கால்சியமாவது சேரட்டும் என்று தினமும் ஒரு கப் கொடுக்கிறேன். கப்பின் எடை 125 கிராம். லேபிளில் 100 கிராமுக்கு 120 கலோரி, புரதம் 3 கிராம், கொழுப்பு 3.5 கிராம், கார்போஹைட்ரேட் 19 கிராம், அதில் சர்க்கரை 16 கிராம் என்று இருக்கிறது. "பாலிலேயே சர்க்கரை உண்டு, அதைத்தான் போட்டிருக்கிறார்கள்" என்கிறார் என் கணவர். அது சரியா? பாலுக்குப் பதிலாக இதைக் கொடுக்கலாமா?

பதில்: பாலிலேயே சர்க்கரை உண்டு என்பது உண்மைதான். பசும்பாலில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 4.8 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. நாம் காபியில் போடும் சர்க்கரையோடு ஒப்பிட்டால் அதற்கு இனிப்பு மிகக் குறைவு, அதனால்தான் வெறும் பால் தித்திப்பதில்லை. சிக்கல் என்னவென்றால், 'சர்க்கரை' என்ற ஒரே வரியில் லாக்டோஸையும் தொழிற்சாலையில் கொட்டிய சர்க்கரையையும் சேர்த்தே எழுதிவிடுகிறார்கள். சேர்த்த சர்க்கரையைத் தனி வரியாகப் போட்டிருந்தால் அதையே பாருங்கள். போடாவிட்டால் நாமே பிரித்துக்கொள்ளலாம்.

அதற்குப் புரதத்தின் வரி உதவும். பாலில் 3.3 கிராம் புரதத்துக்கு 4.8 கிராம் லாக்டோஸ், அதாவது புரதத்தைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பால் பவுடர் கலந்திருந்தாலும் இந்த விகிதம் பெரிதாக மாறாது. உங்கள் புட்டிங்கில் புரதம் 3 கிராம். அப்படியென்றால் லாக்டோஸ் 4.5 கிராம் இருக்கலாம். லேபிள் சொல்லும் 16 கிராமில் இதைக் கழித்தால் மீதி 11.5 கிராம். அது பாலில் இருந்து வந்ததல்ல, சேர்த்தது. (முட்டை, ஜெலட்டின், சோயா, தனியாகப் பிரித்தெடுத்த மோர்ப் புரதம் ஆகியவை சேர்ந்த பண்டங்களில் இந்தக் கணக்கு தப்பும். தயிர் வகைகளில் லாக்டோஸின் ஒரு பகுதி புளித்து லாக்டிக் அமிலமாகிவிடுவதால் சற்றுக் குறையும்.)

அடுத்தது, உங்கள் மகள் சாப்பிடுவது 100 கிராம் அல்ல, 125 கிராம். லேபிளில் உள்ள எல்லா எண்ணையும் ஒன்றேகாலால் பெருக்குங்கள். 150 கலோரி, மொத்தச் சர்க்கரை 20 கிராம், அதில் சேர்த்தது 14 கிராமுக்குச் சற்று மேல். ஒரு டீஸ்பூன் சர்க்கரை 4 கிராம் என்று வைத்துக்கொண்டால், அந்தச் சின்னக் கப்பில் மூன்றரை ஸ்பூன். ஒரு டம்ளர் பாலில் மூன்றரை ஸ்பூன் சர்க்கரை போட்டு எந்தத் தாயும் குழந்தைக்குக் கொடுக்க மாட்டார். கப்பில் அடைத்து வரும்போது மட்டும் அது நம் கண்ணில் படுவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், சேர்க்கும் சர்க்கரையிலிருந்து வரும் ஆற்றல் அன்றாட மொத்தத்தில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. தேன், சர்க்கரைப் பாகு, பழச்சாறு எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். பாலின் லாக்டோஸும் முழுப் பழத்தின் சர்க்கரையும் சேராது. நாளொன்றுக்கு 1,400 கலோரி சாப்பிடும் குழந்தைக்கு 5 சதவீதம் என்பது 70 கலோரி, அதாவது 17.5 கிராம் சர்க்கரை. அதில் 14 கிராமை இந்த ஒரு கப்பே எடுத்துக்கொள்கிறது. பிஸ்கட், ஜாம், பானம் எதுவும் இன்னும் கணக்கில் வரவில்லை.

கால்சியம் விஷயத்தில் நீங்கள் ஏமாறவில்லை. பாலில் 100 கிராமுக்குச் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம் உண்டு. புரதத்தை வைத்துப் பார்த்தால் உங்கள் கப்பில் 115 கிராம் பாலுக்குச் சமமான சத்து இருக்கிறது, ஆகவே 135 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் கிடைக்கும். அரை டம்ளர் பாலில் கிடைப்பதுதான் இது. ஆனால் அதற்காகத் தினமும் மூன்றரை ஸ்பூன் சர்க்கரையைக் கூடவே கொடுப்பது எனக்கு மனம் ஒப்பவில்லை.

சட்டென்று நிறுத்தினால் குழந்தை அழும். அதனால் அரைக் கப் புட்டிங்கோடு அதே அளவு சர்க்கரை சேர்க்காத கெட்டித் தயிரைக் கலந்து கொடுத்துப் பாருங்கள். வாரத்துக்கு வாரம் தயிரைக் கூட்டிப் புட்டிங்கைக் குறையுங்கள். பிறகு பழத்தை மசித்துச் சேர்த்தால் இனிப்புக்கும் குறை இருக்காது.

கடைசியாக, பொருள்களின் பட்டியலையும் படியுங்கள். எடையில் அதிகமானதை முதலில் எழுதுவதே பொதுவான விதி. முதலில் பால் இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் என்று மூன்று பெயரில் வந்தால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே போய்விடும். கூட்டினால் மேலே வரவேண்டியது. கார்போஹைட்ரேட் 19, சர்க்கரை 16 என்றால் மீதி 3 கிராம் பெரும்பாலும் கெட்டியாக்கப் போட்ட மாவுதான், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை நோய். 'சர்க்கரை சேர்க்கப்படாதது' என்று எழுதிய ஐஸ்கிரீம் வாங்கித் தரலாமா?

பதில்: கொஞ்சமாகத் தரலாம், தாராளமாக அல்ல. சர்க்கரை சேர்க்கவில்லை என்றால் சர்க்கரையே இல்லை என்று அர்த்தமாகாது, பாலின் லாக்டோஸ் உள்ளேதான் இருக்கிறது. இனிப்புக்காக மால்டிடால் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். சர்க்கரை கிராமுக்கு 4 கலோரி தந்தால் மால்டிடால் சுமார் 2.4 கலோரி தரும். ரத்தச் சர்க்கரையைக் குறைவாக ஏற்றும், ஏற்றாமல் இருக்காது. அதிகம் சாப்பிட்டால் வயிறு உப்பும், பேதியாகும். கொழுப்போ வழக்கமான ஐஸ்கிரீம் அளவுக்கே இருக்கலாம். ஆகவே 'சர்க்கரை' வரியோடு நிற்காமல் 'மொத்த கார்போஹைட்ரேட்' வரியைப் பாருங்கள். அப்பா இன்சுலின் போட்டுக்கொள்பவர் என்றால், அந்த எண்ணை மருத்துவரிடம் காட்டிவிட்டே கொடுங்கள்.

கேள்வி: ஒரு ஐஸ்கிரீமில் 100 மில்லிக்கு 100 கலோரி. இன்னொன்றில் 100 கிராமுக்கு 190 கலோரி. முதலாவதுதானே நல்லது?

பதில்: அப்படி ஒப்பிட முடியாது. ஐஸ்கிரீம் செய்யும்போது காற்றை அடித்து ஏற்றுகிறார்கள், அதனால் 100 மில்லி என்பது 100 கிராம் ஆகாது. முதல் டப்பா 500 மில்லி, அதன் நிகர எடை 250 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 100 மில்லிக்கு 50 கிராம்தான், ஆக 100 கிராமுக்கு 200 கலோரி. இரண்டாவதைவிடக் கூடுதல்! எடை போடாத டப்பாவாக இருந்தால் வீட்டில் ஒரு கப் அளந்து சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். உங்கள் கிண்ணத்தில் விழும் கலோரி, நீங்கள் போட்டுக்கொண்ட கிராமைப் பொறுத்தது.