பதில்: கொழிஞ்சாம்பாறை வகுப்புக்கு வின்எகான் வேண்டுமா?

டீச்சர், பாலக்காட்டுப் பக்கம் உங்கள் கொழிஞ்சாம்பாறை வகுப்பில் தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்குத் தேவைக் கோடும் அளிப்புக் கோடும் (விலைக்குத் தக்கபடி வாங்குவதும் விற்பதும் எப்படி மாறும் என்று காட்டுபவை) மண்டையில் ஏறவில்லை, பொருளாதாரம் கற்பிக்கும் வின்எகான் மென்பொருள் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். அதைத் தேடி அலையாதீர்கள். 1990களில் பிரிட்டனில் 8 பல்கலைக்கழகங்கள் கூடிச் செய்தது, அந்தக் காலத்து விண்டோஸுக்கானது.

அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் வீகான்லேப் என்ற பொருளாதார ஆட்டத் தளம் இலவசம், பிரவுசரிலேயே ஓடும். அதில் இரட்டை ஏலம் ஆட்டத்தை எடுங்கள். பாதிப் பேர் விற்பவர், பாதிப் பேர் வாங்குபவர். விற்பவர் கையில் அடக்கவிலை, வாங்குபவர் கையில் உச்சவிலை, ஒருவருடையது அடுத்தவருக்குத் தெரியாது. பேரம் பேசப் பேச, சில சுற்றுகளில் விலை பெரும்பாலும் ஓரிடத்தில் வந்து நிற்கும். அப்புறம் பலகையில் அந்த இரண்டு கோடுகளையும் போடுங்கள்.

திரையில் ஆங்கிலம்தான். அதனால் முதல் ஆட்டத்தைச் சீட்டில் எழுதி, வேலந்தாவளம் சந்தைத் தக்காளிப் பெட்டிக் கணக்கில் ஆடவிடுங்கள். கோவைப் பக்கம் ஒரு கல்லூரியைச் சேர்த்துக்கொண்டால் தமிழ்க் குறிப்புகளைப் பங்கிட்டு எழுதலாம். மேலிடத்து அனுமதிக்குக் காத்திருந்தால் செமஸ்டரே முடிந்துவிடும்!