செட் போட்டவருக்குப் பொறுப்பு இல்லையா?

கேள்வி: ‘மெட்ரோபோலிஸ்’ படத்துக்கு செட் அமைத்த ஜெர்மானியர் ஓட்டோ ஹுண்டே, யூதர்கள்மேல் வெறுப்பைப் பரப்ப நாஜிகள் 1940இல் வெளியிட்ட ‘யூட் சூஸ்’ படத்திலும் வேலை செய்தார் என்று குறை சொல்கிறார்கள். சொன்ன வேலையைச் செய்து சம்பளம் வாங்கியவர்தானே அவர்? படத்தின் கருத்துக்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்?

பதில்: ‘மெட்ரோபோலிஸ்’ பற்றிப் பேசும்போது அவரை யாரும் சம்பளக்காரர் என்று ஒதுக்குவதில்லையே. 1927இல் வந்த அந்தப் படத்தின் பிரம்மாண்ட நகரத்தை எரிக் கெட்டல்ஹுட், கார்ல் ஃபோல்பிரெக்ட் இருவரோடு சேர்ந்து உருவாக்கியவர் என்று இன்றும் கொண்டாடுகிறோம். சரி, அந்தப் புகழ் அவருடையது என்றால் 1940இல் செய்ததும் அவருடையதுதான்.

‘யூட் சூஸ்’ நாஜிகளின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் எடுக்க வைத்த படம். நாஜிகளின் எஸ்.எஸ். படையினரும் போலீசாரும் பார்க்க வேண்டும் என்று அந்தப் படையின் தலைவர் ஹிம்லர் உத்தரவு போட்டார். அதில் வெறுப்பைப் பரப்பியது வசனம் மட்டுமல்ல. பிராங்பர்ட்டின் யூதர் தெருவை அழுக்கும் இருட்டுமாகக் காட்டி, அங்கிருந்து ஒருவன் ஸ்டுட்கார்ட் அரண்மனைக்குள் நுழைவதே ஆபத்து என்று நம்ப வைத்தார்கள். அந்தத் தெரு யாரோ யோசித்து, வரைந்து, ஆள் வைத்துக் கட்டியது. ஒரு மனிதர் வாயைத் திறக்கும் முன்பே அவர்மேல் அருவருப்பு வரும்படி சுவரையும் சன்னலையும் அமைப்பது கருத்துச் சொல்வது இல்லையா?

ஹுண்டேக்கு விவரம் தெரியாது என்றும் சொல்ல முடியாது. யூத ஊழியர்களை வெளியேற்ற, ‘மெட்ரோபோலிஸ்’ எடுத்த உஃபா நிறுவனம் 1933 மார்ச்சிலேயே முடிவெடுத்துவிட்டது. அவர் செட் அமைத்த ‘நீல தேவதை’ படத்தில் வித்தைக்காரராக நடித்த குர்ட் கெரோன் ஒரு யூதர். ஜெர்மனியை விட்டு ஓடியும் தப்ப முடியாமல், 1944இல் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார்.

மறுக்கப் பயந்திருக்கலாம். அந்தக் காலத்துப் பயத்தை நான் லேசாக நினைக்கவில்லை. ஆனால் பயந்து செய்தார் என்பது வேறு, அவருக்குப் பங்கே இல்லை என்பது வேறு.

போருக்குப் பிறகு அந்தப் படத்தின் இயக்குநர் ஃபைட் ஹார்லானாவது ஹாம்பர்க் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருந்தது, 1950இல் விடுதலையானார். ஹுண்டே அதற்குள் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். போருக்குப் பின் ஜெர்மனியில் எடுத்த முதல் கதைப்படம் ‘கொலைகாரர்கள் நம்மிடையே’, 1946இல் வந்தது. போரில் அப்பாவிகளைக் கொல்ல உத்தரவிட்ட அதிகாரி, பிறகு தொழிலதிபராக நிம்மதியாக வாழலாமா என்று கேட்கும் படம் அது. புரூனோ மாண்டனோடு சேர்ந்து அதற்கு செட் அமைத்தவரும் இதே ஹுண்டேதான்.