தேன் மீன் கருகாமல் வர, பாகைத் தனியாகக் காய்ச்சுங்கள்

கேள்வி: கொடைக்கானல் நாயுடுபுரத்தில் இருக்கிறோம். ஓட்டலில் சாப்பிட்டதுபோல், தேன் பூசிப் பளபளவென்று இருக்கும் மீன் வேண்டும் என்று மகள் கேட்டாள். தேன், எலுமிச்சை, சோயா சாஸ், பூண்டு கலந்து வஞ்சிரத் துண்டுகளை ஒரு மணி நேரம் ஊறவைத்து, தோசைக்கல்லில் போட்டேன். வெளியே கருகிவிட்டது, நடு முள்ளருகே வேகவே இல்லை. வீட்டில் ஓவன் கிடையாது. மலை உயரம்தான் காரணமா?

பதில்: உயரத்தின் மேல் பழி போட வேண்டாம். சுமார் 7,000 அடியில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாகும். ஆனால் தோசைக்கல்லில் எண்ணெய் கீழ்நாட்டில் காய்வதுபோலவே காயும். மீனுக்கோ உள்ளே 63 டிகிரி வந்தாலே போதும்.

கருகியதற்குக் காரணம் தேன். தேனில் நிறைய இருக்கும் பழச்சர்க்கரை, சாதாரணச் சர்க்கரையைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே நிறம் மாறும். மீன் வறுக்கும் கல்லின் சூட்டை அது தாங்காது. அப்புறம், ஒரு மணி நேரம் எலுமிச்சையில் ஊறினால் மீனின் சதை வெளுத்துத் தளர்ந்துவிடும். எனவே மீனை உப்பும் மிளகும் மட்டும் போட்டு வறுங்கள். இனிப்பு கடைசி அரை நிமிடத்தில் சேரட்டும்.

நம் ஊருக்கு மீன் கடற்கரையிலிருந்து ஐஸில்தான் வருகிறது. குளிர்ந்த சமையலறையில் அரை மணி நேரம் வெளியே வைத்தாலும் நடுப்பகுதி ஜில்லென்றே இருக்கும். உங்கள் மீன் உள்ளே வேகாததற்கு இதுவும் ஒரு காரணம். ஐஸ் கட்டிய மீனை முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக்குங்கள். துண்டு ஒரு விரல் கனத்துக்கு மேல் வேண்டாம் என்று கடையிலேயே சொல்லிவிடுங்கள்.

நான்கு துண்டுக்கு முக்கால் தேக்கரண்டி உப்பு, கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், கொஞ்சம் மிளகுத்தூள். பதினைந்து நிமிடம் கழித்து, சுத்தமான துணியால் ஈரத்தை நன்றாக ஒற்றி எடுங்கள். பனி இறங்கும் நாட்களில் மீன் தானாக உலராது, இதைத் தவிர்க்கவே கூடாது. ஈரம் இருந்தால் கல்லில் ஒட்டிக்கொண்டு, திருப்பும்போது உடையும். எண்ணெய் காய்ந்ததும் போட்டு, மிதமான தீயில் நான்கு நிமிடம் தொடாமல் விடுங்கள். அடிப்பக்கம் சிவந்தால் தானே கல்லை விடும். திருப்பி இன்னும் மூன்று நிமிடம். முள்ளருகே கத்தி நுனியால் நெம்பிப் பாருங்கள். சதை வெள்ளையாகி முள்ளை விட்டு விலகினால் சரி.

பாகை எவர்சில்வர் கிண்ணத்தில் தனியாகக் காய்ச்சுங்கள். இரும்புக்கல்லில் புளிப்பு கொதித்தால் கறுத்து, இரும்பு வாடை வரும். கொஞ்சம் எண்ணெயில் நசுக்கிய பூண்டு ஆறு பல்லை வாசம் வரும்வரை வதக்குங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மலைப்பூண்டு காரமானது, நான்கு பல்லே போதும். இரண்டு மேசைக்கரண்டி தேன், இரண்டு தேக்கரண்டி சோயா சாஸ், கால் தம்ளர் தண்ணீர், ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். குளிரில் தேன் உறைந்திருந்தால் பாட்டிலை வெந்நீரில் வைத்தால் இளகும்.

பதம்தான் முக்கியம். அதிரசப் பாகு அளவுக்குப் போக வேண்டாம், கம்பி வருவதற்கு முன்பே நிறுத்துங்கள். கரண்டியின் பின்புறத்தில் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: புத்தகங்களில் உள்ள பாகுச் சூடு கடல்மட்டத்துக்கானது. இங்கே அதே பதம் ஏழு டிகிரி முன்னதாகவே வந்துவிடும், புத்தகச் சூட்டை நம்பினால் பாகு முற்றிவிடும். இறக்கிய பிறகு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் ஒரு தேக்கரண்டி வெண்ணெயும் கலக்குங்கள். அந்த மினுமினுப்பு வெண்ணெயில்தான் இருக்கிறது.

மீன் வெந்ததும் தீயைக் குறைத்துப் பாகை மேலே ஊற்றி, கரண்டியால் இரண்டு தடவை மொண்டு பூசி, அரை நிமிடத்தில் இறக்குங்கள். பிளம்ஸ் வரும் காலத்தில், தேனில் பாதியைக் குறைத்து, நன்கு பழுத்த இரண்டு பழத்தை மசித்துச் சேர்த்துப் பாருங்கள். எனக்குத் தேனைவிட அதுதான் பிடிக்கும், அப்போது எலுமிச்சை பாதி போதும். கூடவே வெறும் சோறும், உப்புப் போட்டு வேகவைத்த மலை பீன்ஸும் கேரட்டும் இருக்கட்டும். காரக்குழம்பு வைத்தால் இந்தப் பாகின் ருசி அடிபட்டுப்போகும்.