எதிரெதிரே வரும் விமானங்களை மோதாமல் காக்கும் 'டிகாஸ்' எப்படி வேலை செய்கிறது? அது குறுக்கிட்டால் உள்ளே இருக்கும் பயணிக்குத் தெரியுமா?

நான் விமானம் ஓட்டியவன் இல்லை. பதினாறு வருஷம் ஹேங்கரில், அதாவது விமானம் பழுது பார்க்கும் கொட்டகையில், விமானத்தின் மின்னணுப் பெட்டிகளைக் கழற்றிச் சோதித்து மாட்டிக்கொண்டிருந்தவன். இப்போது அம்பாசமுத்திரம் பக்கம் சொந்த ஊருக்கே வந்துவிட்டேன். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பெரியப்பா ஞாபகம்தான் வந்தது. இதே கேள்வியை அவர் வயல்காட்டில் வைத்து என்னிடம் கேட்டிருக்கிறார்.

தை மாசம், பிசான நெல் கதிர் வாங்கி நிற்கிறது. வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. பொதிகைக்கு மேலே இரண்டு வெள்ளைக் கோடுகள், ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு.

"எய்யா, அது ரெண்டும் முட்டிக்கிடாதா?"

"முட்டாது பெரியப்பா. ரெண்டும் வேற வேற உயரத்துல போகுது. நம்ம ஜங்ஷன் ஈரடுக்குப் பாலம் மாதிரின்னு வச்சுக்கோங்க."

திருநெல்வேலிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். மேல் தட்டில் பஸ், கீழ்த் தட்டில் சைக்கிள், அதற்கும் அடியில் ரயில். வானத்திலும் அப்படித்தான் தட்டுத் தட்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் 1000 அடி, அதாவது ஏறக்குறைய 300 மீட்டர். 29,000 அடிக்கு மேலே முன்பெல்லாம் 2000 அடி விட்டார்கள். உயரம் காட்டும் கருவிகள் துல்லியமான பிறகு, 2003-இல் இந்திய வானத்திலும் அதை 1000 அடியாகக் குறைத்தார்கள்.

பெரியப்பா அதோடு விடவில்லை. "சரி, மேல் தட்டுல போக வேண்டியவன் தவறிக் கீழ்த் தட்டுக்கு வந்துட்டாம்னா?"

அப்படி ஒன்று நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. 1996 நவம்பர் 12, ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே. டெல்லியிலிருந்து கிளம்பி ஏறிக்கொண்டிருந்த சவூதி போயிங் 747-ஐ 14,000 அடியில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். டெல்லிக்கு இறங்கி வந்த கசகஸ்தானின் இல்யூஷின் விமானத்துக்கு 15,000 அடி. இல்யூஷின் 15,000-இல் நிற்காமல் கீழே வந்துவிட்டது. 349 பேர், ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. டெல்லியில் அப்போது இருந்த ரேடார் விமானம் எங்கே இருக்கிறது என்று காட்டும், எந்த உயரத்தில் என்று காட்டாது. இரண்டு விமானங்களிலும் நீங்கள் கேட்கும் இந்தப் பெட்டி இல்லை. அதற்குப் பிறகுதான் இந்தியா இதைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் 1956-இல் கிராண்ட் கேன்யனுக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 128 பேர் இறந்ததிலிருந்தே இந்த யோசனை உண்டு. அது வேலை செய்யும் பெட்டியாகிக் கட்டாயமாவதற்குள் 1993 வந்துவிட்டது.

இனி பெட்டிக்கு வருகிறேன். இதற்குக் கண் கிடையாது. ரேடார் போல அலையை அனுப்பி, அது எதன் மேலாவது பட்டுத் திரும்புகிறதா என்று பார்ப்பதும் இல்லை. இது கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் பெட்டி. ஒவ்வொரு விமானத்திலும் டிரான்ஸ்பாண்டர் என்று ஒன்று இருக்கும். கேட்டால் பதில் சொல்வதுதான் அதன் வேலை. டிகாஸ் 1030 மெகாஹெர்ட்ஸில் "அக்கம்பக்கத்தில் யார்?" என்று கேட்கிறது. மற்ற விமானங்களின் டிரான்ஸ்பாண்டர்கள் 1090 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்கின்றன. பதிலில் அந்த விமானத்தின் உயரம் இருக்கும். கேள்வி போய்ப் பதில் வர ஆன நேரத்தைக் கொண்டு தூரம் கிடைக்கும். இந்தக் காலத்து டிரான்ஸ்பாண்டர்கள் யாரும் கேட்காமலே வினாடிக்கு ஒரு தடவை தன் பெயரைச் சொல்லிக்கொண்டே போகும். அந்தப் பெயர் உலகத்தில் எந்த இரண்டு விமானத்துக்கும் ஒன்றாக இல்லாத 24 பிட் எண்.

இங்கே பலர் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. இன்னொரு விமானம் எத்தனை கிலோமீட்டர் நெருங்கிவிட்டது என்று பார்த்து இது கத்துவதில்லை. தென்காசி ரோட்டைக் குறுக்கே கடக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? நூறு மீட்டர் தள்ளி சைக்கிள் வந்தால் நடந்து போகிறோம். அதே நூறு மீட்டரில் பஸ் வந்தால் நின்றுவிடுகிறோம். நம் மனசு தூரத்தை அளக்கவில்லை, 'இங்கே வந்துசேர எத்தனை வினாடி' என்று அளக்கிறது. டிகாஸும் அதைத்தான் செய்கிறது, தூரத்தை நெருங்கும் வேகத்தால் வகுத்து. நேருக்கு நேர் வரும் இரண்டு ஜெட் விமானங்கள் வினாடிக்கு ஏறக்குறைய அரை கிலோமீட்டர் நெருங்கும். நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே உள்ள 50 கிலோமீட்டர் இரண்டு நிமிஷத்துக்குள் தீர்ந்துவிடும். ஒன்றன் பின்னால் ஒன்றாக மெல்ல நெருங்கினால் கணக்கில் நேரம் நிறைய இருப்பதாகவே வரும், ஆனால் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்காக மட்டும் குறைந்தபட்சத் தூரம் ஒன்றையும் தனியாக வைத்திருக்கிறார்கள்.

மோத இருபதிலிருந்து நாற்பத்தெட்டு வினாடி இருக்கையில் முதல் குரல் வரும்: "டிராஃபிக், டிராஃபிக்". திரையில் அந்த விமானம் மஞ்சள் வட்டமாகிவிடும். இது எச்சரிக்கைதான். இதைக் கேட்டதும் விமானி கையைக் கட்டுப்பாட்டின் பக்கம் கொண்டுபோய்த் தயாராக இருக்க வேண்டும், விமானத்தைத் திருப்பக் கூடாது. பதினைந்திலிருந்து முப்பத்தைந்து வினாடிக்குள் வந்துவிட்டால் வட்டம் சிவப்புச் சதுரமாகும், குரல் கட்டளையாகும்: "கிளைம்ப், கிளைம்ப்" அல்லது "டிசென்ட், டிசென்ட்". உயரத்தைப் பொறுத்து இந்த வினாடிகள் மாறும். கீழே பொறுமையாக, மேலே முன்கூட்டியே.

இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு என்று இது ஒருநாளும் சொல்லாது. தூரமும் உயரமும் துல்லியமாகத் தெரியும், திசை அவ்வளவு துல்லியமாகத் தெரியாது. விமானத்தின் முதுகில் இருக்கும் சின்ன ஆன்டெனா காட்டும் திசையில் சில டிகிரி பிசகு இருக்கும். 10 கடல்மைல் (ஏறக்குறைய 18.5 கிலோமீட்டர்) தள்ளி 5 டிகிரி பிசகினாலே ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். அதை நம்பித் திருப்பினால் நேரே அவன்மேல் போய் விழ வேண்டியதுதான். அதனால் ஏறு, இறங்கு, அப்படியே நில். இவ்வளவுதான்.

பெரியப்பாவிடம் இதைச் சொல்லிக்கொண்டே வரப்பில் வந்துகொண்டிருந்தோம். அவர் தலையில் புல்லுக்கட்டு. எதிரே மேலத்தெரு அத்தை ஒருத்தி, அவள் தலையிலும் கட்டு.

"மைனி, நீங்க நேரே வாங்க, நான் இறங்குதேன்" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா வயலுக்குள் கால் வைத்தார்.

"பெரியப்பா, அந்தப் பெட்டி செய்யறதும் இதேதான்" என்றேன்.

வரப்பில் இடம் வலம் கிடையாது. ஒருத்தர் இறங்க வேண்டும், மற்றவர் மேலேயே போக வேண்டும். சிக்கல் எதிராளியைப் பார்ப்பதில் இல்லை. ரெண்டு பேரும் மரியாதைக்கு ஒரே நேரத்தில் ஒரே பக்கம் இறங்கிவிட்டால்தான் சிக்கல். சேற்றுக்குள் போய் முட்டிக்கொள்ள வேண்டும். என் கணக்கில் இந்தப் பெட்டியின் உண்மையான கெட்டிக்காரத்தனம் இங்கேதான் இருக்கிறது. கட்டளை கொடுப்பதற்கு முன் இது தன் விமானம் ஏறினால் எவ்வளவு இடைவெளி, இறங்கினால் எவ்வளவு என்று இரண்டையும் போட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். உடனே அடுத்த விமானத்தின் பெட்டிக்கு, "நான் இறங்குதேன், நீ இறங்காதே" என்று செய்தி போய்விடும். அங்கே அந்தப் பெட்டி தன் விமானிக்கு "ஏறு" என்று மட்டுமே சொல்ல முடியும். இரண்டும் ஒரே நொடியில் "நான்தான் இறங்குதேன்" என்று சொல்லிவிட்டால்? முன்பு சொன்ன 24 பிட் எண்ணில் எது சிறியதோ அதன் பேச்சு நிற்கும், பெரிய எண்காரர் மாற்றிக்கொள்வார். சண்டைக்கு இடமே இல்லை.

பெட்டிகள் இப்படி ஒத்துப்போய்விட்டன. மனுஷர்கள் ஒத்துப்போக இன்னும் இரண்டு தடவை அடிபட வேண்டியிருந்தது. 2001 ஜனவரி 31, ஜப்பான். இரண்டு விமானங்களிலும் சேர்த்து 677 பேர். கட்டுப்பாட்டு அறையில் விமான எண்ணை மாற்றிச் சொல்லி, இறங்கக் கூடாத விமானத்தை இறங்கச் சொல்லிவிட்டார்கள். அந்த விமானத்தின் பெட்டி "ஏறு" என்கிறது, தரையிலிருந்து "இறங்கு" என்கிறார்கள். விமானி தரையின் பேச்சைக் கேட்டார். எதிர் விமானி தன் பெட்டியின் பேச்சைக் கேட்டு இறங்கினார். கடைசி நொடியில் கண்ணால் பார்த்து ஒதுக்கித் தப்பினார்கள். உள்ளே கிட்டத்தட்ட நூறு பேருக்குக் காயம்.

பதினேழு மாசம் கழித்து, 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கனுக்கு மேலே 36,000 அடியில் அதே கதை. ரஷ்ய டுபோலெவ் பயணிகள் விமானம் ஒன்று, டிஹெச்எல் சரக்கு போயிங் ஒன்று. கட்டுப்பாட்டாளர் டுபோலெவை இறங்கச் சொல்லி ஏழு வினாடி கழித்து அதன் பெட்டி ஏறச் சொன்னது. சரக்கு விமானத்தின் பெட்டி அதனிடம் "இறங்கு" என்று சொல்லிவிட்டது. இரண்டும் இறங்கின. 71 பேர், அதில் பெரும்பாலோர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பெட்டிகள் இரண்டும் சரியாகவே ஒத்துப்பேசியிருந்தன. டுபோலெவ் விமானிகளின் காதில் இரண்டு குரல் விழுந்ததில் எதைக் கேட்பது என்பதற்குத்தான் தெளிவான ஒரே விதி இல்லை.

இப்போது உண்டு. பெட்டி கட்டளை கொடுத்தால் தரையிலிருந்து யார் என்ன சொன்னாலும் பெட்டியின் பேச்சைத்தான் கேட்க வேண்டும். விமானி ஐந்து வினாடிக்குள் செயலில் இறங்கி, "டிகாஸ் ஆர்.ஏ." என்று ரேடியோவில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் (ஏறு, இறங்கு என்று பெட்டி தரும் கட்டளைக்குத்தான் ஆர்.ஏ. என்று பெயர்). அதன்பிறகு கட்டுப்பாட்டாளர் அந்த விமானத்தின் போக்கை மாற்ற முயலக் கூடாது. பெட்டியின் மென்பொருளையும் மாற்றினார்கள். எதிராளி சொன்னபடி நடக்காமல் ஒரே பக்கம் வருகிறான் என்று தெரிந்தால் புதிய பதிப்பு பாதியில் தன் கட்டளையைத் தலைகீழாக்கும்.

இதனால் முடியாததையும் சொல்லிவிட வேண்டும். பதில் சொல்லாதவன் இதன் கணக்கில் இல்லவே இல்லை. கழுகு, பட்டம், டிரோன், பொதிகை மலை எதுவும் தெரியாது (மலைக்கு வேறு பெட்டி இருக்கிறது). 2006 செப்டம்பர் 29-இல் அமேசான் காட்டுக்கு மேலே ஒரு சின்ன ஜெட்டின் டிரான்ஸ்பாண்டர் வேலை செய்யாமல் போனது. டிரான்ஸ்பாண்டர் நின்றால் அந்த விமானத்தின் டிகாஸும் நின்றுவிடும், ஊமையும் செவிடும் சேர்ந்த மாதிரி. எதிரே வந்த, பிரேசிலின் 'கோல்' நிறுவனத்து போயிங் 737-இன் பெட்டி நன்றாகத்தான் இருந்தது, அதற்கும் ஒன்றும் தெரியவில்லை. 37,000 அடியில் மோதி போயிங்கில் இருந்த 154 பேரும் போய்விட்டார்கள்.

இதற்கு நேர்மாறாக, இல்லாத விமானத்தைக் காட்டும் தப்பும் உண்டு. அதைச் செய்வது எங்களைப் போன்ற ஆட்கள்தான். ஹேங்கரில் நிற்கும் விமானத்தின் டிரான்ஸ்பாண்டரைச் சோதிக்கும்போது, பொய்யாக ஓர் உயரத்தைக் கொடுத்து அது சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்போம். ஆன்டெனாவை மூடாமல் 3000 அடி என்று வைத்தால் அது ஊருக்கே கேட்கும். தலைக்கு மேலே உண்மையிலேயே 3000 அடியில் இறங்கிக்கொண்டிருப்பவனின் பெட்டி அலறும். நான் சேர்ந்த புதிதில் மூடியை மாட்ட மறந்துவிட்டு ஸ்விட்சில் கை வைத்தேன். பக்கத்தில் நின்ற சீனியர், வள்ளியூர்க்காரர், கையைத் தட்டிவிட்டார். "ஏல, நீ இங்க பொத்தானை அமுக்குவ, மேல போறவன் நெஞ்சைப் பிடிப்பான்." அன்றைக்குப் பிறகு மூடி மாட்டாமல் நான் தொட்டதில்லை.

பயணிக்குத் தெரியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் தெரியாது. கட்டளை வந்ததும் விமானி நிமிஷத்துக்கு 1500 அடி என்ற கணக்கில் ஏற்றுவார் அல்லது இறக்குவார். அதற்காக உங்கள் உடம்பின் எடை கால் பங்கு கூடுவதாகவோ குறைவதாகவோ தோன்றும். சாதாரணக் காற்றுக் குலுக்கல் இதைவிட மோசமாக இருக்கும். நெருக்கடி முற்றினால் 2500 அடி வேகம் கேட்கும், அப்போது வயிறு கொஞ்சம் உணரும். ஆபத்து விலகியதும் "கிளியர் ஆஃப் கான்ஃப்ளிக்ட்" என்று சொல்லிவிட்டுப் பெட்டி அமைதியாகிவிடும், விமானம் பழைய தட்டுக்குப் போய்விடும். வாகைக்குளத்தில், அதாவது தூத்துக்குடி விமான நிலையத்தில், இறங்கும்போது கடைசி ஆயிரம் அடியில் இப்படி ஏதும் நடந்ததோ என்று யோசிக்கவே வேண்டாம். ஏறு, இறங்கு என்று கட்டளையிடும் வேலையை அந்த உயரத்துக்குக் கீழே பெட்டி தானாகவே நிறுத்திவிடும். அங்கே குலுங்கினால் அது நம்ம ஊர்க் காற்று.