கீமோ நடக்கும்போது அம்மாவை நடக்கச் சொல்லலாமா? தைக்க விடலாமா?

இரண்டு கீமோ முடிந்து அம்மா நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறார், நடக்கச் சொல்வதா ரெஸ்ட் எடுக்க விடுவதா, தையல் மெஷினில் உட்காரவா என்று கேட்கிறார், விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடக்கட்டும், தைக்கட்டும். எந்த நாளில், எவ்வளவு என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2021-ல் எனக்கு இடது மார்பில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, 21 நாளைக்கு ஒன்றாக நான்கு முறை சிவப்பு நிறக் கீமோ மருந்து. பிறகு வாரம் ஒன்றாக 12 முறை பக்லிடாக்சல் என்கிற இன்னொரு கீமோ மருந்து. வீட்டில் என்னை ஒரு டம்ளர்கூடக் கழுவ விடவில்லை. "நீ படும்மா, நான் பாத்துக்கறேன்" என்பார் அத்தை. அத்தனையும் பாசம்தான். ஆனால் இரண்டாவது கீமோ முடிந்தபோது பாத்ரூம் போய் வந்தாலே கால் நடுங்கியது. நோயைவிடப் படுக்கைதான் என் காலைப் பலவீனமாக்கிவிட்டது என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னபோது அழுதுவிட்டேன்.

அன்று சாயங்காலமே மொட்டை மாடியில் ஐந்து நிமிடம் நடந்தேன். மருந்து ஏறிய முதல் நான்கு நாள் ஹாலுக்குள் மட்டும். அதன் பிறகு தினமும் இரண்டிரண்டு நிமிடம் கூட்டினேன். பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், பாட்டுப் பாடினால் மூச்சு வாங்க வேண்டும், அந்த வேகம் போதும். ஆஸ்கோ என்கிற அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும், குணப்படுத்தும் நோக்கத்தோடு சிகிச்சை நடக்கும்போதே நடைப்பயிற்சி போன்றவற்றோடு தசைகளுக்கான பயிற்சியும் செய்யச் சொல்கிறது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, தலைசுற்றல், நெஞ்சுவலி வந்தாலோ நடையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்கள். எலும்பில் பரவியிருந்தால் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது.

எனக்குக் கோலம் என்றால் உயிர். பக்லிடாக்சல் ஆறேழு ஊசி ஆனபோது மார்கழி பிறந்தது. 15 புள்ளி, 8 வரை இடுக்குப்புள்ளி வைக்க ஆசையாக உட்கார்ந்தேன். அந்த மருந்தால் விரல் நுனி மரத்துப் போயிருந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவு இறங்குகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஒரு இடத்தில் கொத்தாக விழுந்தது, அடுத்த இடத்தில் கோடே இல்லை. மாவுக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

மறுநாள் அத்தைதான் அரிசியை ஊற வைத்து அரைத்து, கரைத்து, ஒரு சின்னத் துணியையும் கொண்டுவந்தார். "கிள்ள முடியலைன்னா என்ன, பிழியலாம்ல" என்றார். இழைக்கோலத்துக்கு விரல் நுனி வேண்டாம். நனைத்த துணியை உள்ளங்கையில் அடக்கி அழுத்தினால் மோதிர விரல் வழியாக மாவு வழியும். தொட்டு உணர முடியாததைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். குனிந்து நிற்க முடியாததால் மணையில் உட்கார்ந்து, பூஜை அறையில் நான்கு இழை இழுத்தேன். காய்ந்து வெள்ளையாகத் தெரியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். படமே எடுக்கவில்லை, ஆனாலும் ஒவ்வொரு வளைவும் நினைவிருக்கிறது. அந்த மாதம் முழுக்க, ஊசி போட்ட மறுநாள் தவிர, ஒரு நாளும் விடவில்லை.

மாடித் தோட்டத்தை மட்டும் விட்டுக்கொடுத்தேன். மண்ணில் பூஞ்சை இருக்கும், வெள்ளை அணு குறைந்திருக்கும்போது கை வைக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மல்லிகைக்குத் தண்ணீர் ஊற்றியது என் வீட்டுக்காரர்.

தையலுக்கு வருகிறேன். 21 நாள் சுற்றில் பெரும்பாலும் 7-லிருந்து 14-ம் நாள் வரை வெள்ளை அணு மிகவும் குறையும். அந்த நாட்களில் ஊசி குத்தினால்கூடக் கிருமி ஏறலாம். அதனால் அப்போது வேண்டாம், மூன்றாவது வாரத்தில் உட்காரட்டும். துணியை நீங்கள் வெட்டிக் கொடுங்கள், ஊசியில் நூலும் நீங்களே கோத்து வையுங்கள். விரலோ பாதமோ மரத்துப்போகிறது என்று அவர் சொன்னால் அடுத்த கீமோவுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். முதலில் தலையணை உறை மாதிரி நேர்த்தையல் எதையாவது கொடுங்கள். அரை மணி நேரத்தில் எழுந்துவிட்டாலும் மெஷினை மூடி வைத்துவிடாதீர்கள்.