43 வயதில் ஓ லெவல் எழுத முடியுமா, அக்கா?

அன்புள்ள அக்கா,

எனக்கு வயது 43. சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் இருக்கிறேன். உயர்நிலை மூன்று படிக்கும்போது அப்பா தவறிவிட்டார். அம்மாவுக்குத் துணையாக வேலைக்குப் போனேன். படிப்பு அதோடு நின்றது. ஏழு ஆண்டுகளாக ஒரு பாலர் பள்ளியில் உதவியாளராக இருக்கிறேன். பிள்ளைகள் என்னிடம் நன்றாக ஒட்டிக்கொள்கிறார்கள். "ஓ லெவல் இருந்தால் உங்களை ஆசிரியர் படிப்புக்கு அனுப்பலாமே" என்று எங்கள் நிலையத் தலைவி இரண்டு முறை சொல்லிவிட்டார். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகளுக்கு, அம்மா ஓ லெவல் முடிக்காதவள் என்று இன்றுவரை தெரியாது. இந்த வயதில் தேர்வு எழுத விடுவார்களா? எங்கே பதிவது? எங்கள் புளோக்கில் இருக்கும் ஒருவர், இணையத்தில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் மூன்றே வாரத்தில் கிடைக்கும், 900 வெள்ளிதான் என்கிறார். அதை வாங்கிவிடட்டுமா? பெயர் போட வேண்டாம்.

அன்புத் தங்கைக்கு,

விடுவார்கள். தாராளமாக எழுதலாம். இந்த உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வைப் பள்ளியில் சேராமல், சீருடை போடாமல், தனித்தேர்வராகப் பதிந்து எழுதலாம். "பிரைவேட் கேண்டிடேட்" என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். வயது கூடிவிட்டது என்று யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள். நானே 36 வயதில் எழுதியவள். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த 900 வெள்ளியைக் கையைவிட்டுப் போகாமல் காப்பாற்றுவோம்.

அமெரிக்காவில் ஜிஇடி என்று ஒரு தேர்வு உண்டு. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுப் போருக்குப் போய்த் திரும்பிய வீரர்களுக்காக 1942இல் தொடங்கியது. கணிதம், மொழி, அறிவியல், சமூக அறிவியல் என்று நான்கு தாள்கள். எல்லாம் சேர்த்தால் ஏழு மணி நேரத்துக்கும் மேல். ஒவ்வொன்றிலும் 145 புள்ளியாவது எடுக்க வேண்டும். உழைத்துப் படித்து எழுதுகிற தேர்வு அது. அங்கே அதற்கு மதிப்பும் இருக்கிறது. உங்களிடம் விற்கப் பார்ப்பது அதுவல்ல. பணத்தைக் கட்டினால் மூன்று வாரத்தில் தபாலில் வரும் சான்றிதழ் வெறும் தாள். நாளைக்கு உங்கள் நிலையத் தலைவி அதைப் பயிற்சிக் கழகத்துக்கு அனுப்பி, அங்கே அது செல்லாது என்று வந்தால், ஏழு ஆண்டுகளாகச் சேர்த்த நல்ல பெயரும் அதோடு போகும். வேண்டாம், தங்கை. உண்மையான ஜிஇடி எழுதினாலும்கூட, நீங்கள் சேர நினைக்கும் இடம் அதை ஏற்குமா என்று முதலில் கேட்க வேண்டியிருக்கும். இங்கே வேலை பார்த்து, இங்கேயே படிக்கப் போகிறவருக்கு இங்குள்ள தேர்வுதான் நேர்வழி.

இனி, புத்தகம் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது. நிலையத் தலைவி இரண்டு முறை சொன்னார் என்றால் அவருக்கு உங்கள்மேல் நம்பிக்கை இருக்கிறது என்று அர்த்தம். மூன்றாம் முறை நீங்களாகப் போய்ப் பேசுங்கள். எந்தக் கழகத்தில், எந்தப் படிப்பு? அதற்கு எத்தனை பாடங்கள் வேண்டும், ஆங்கிலத்தில் என்ன தகுதி வேண்டும்? ஓ லெவலுக்குப் பதிலாக டபிள்யூபிஎல்என் என்ற பணியிட எழுத்தறிவு, எண்ணறிவுச் சோதனையை ஏற்பார்களா? இந்தக் கடைசிக் கேள்வியை மறந்துவிடாதீர்கள். வேலைத் திறன் படிப்புகள் சிலவற்றுக்கு அதுவே போதும். இரண்டு ஆண்டு உழைப்பு இரண்டு மாதத்தில் முடிந்துவிடலாம். பதிலை வாய்வார்த்தையாக வாங்காமல் மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். ஓ லெவலில் ஏ1 முதல் சி6 வரை கிரெடிட், அதாவது முழுத் தேர்ச்சி. டி7 வாங்கினால் பல படிப்புகளுக்குக் கதவு திறக்காது. அதனால் "பாஸ் போதும்" என்று யாராவது சொன்னால் எந்த கிரேடு என்று விடாமல் கேளுங்கள்.

ஓ லெவல்தான் வேண்டும் என்று வந்துவிட்டால், காலத்தைக் கவனியுங்கள். 2026உடன் ஓ லெவல், என் லெவல் என்ற பெயர்களே முடிகின்றன. 2027இலிருந்து இரண்டும் சேர்ந்து ஒரே சான்றிதழ்: சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ், சுருக்கமாக எஸ்இசி. பாடங்கள் ஜி1, ஜி2, ஜி3 என்ற தரங்களில் இருக்கும். ஜி3 என்பது இப்போதைய ஓ லெவல் தரம்; ஜி2 என்பது அதற்கு ஒரு படி கீழான என் லெவல் வழக்கநிலை ஏட்டுக்கல்வித் தரம். பெயர் மாறுகிறதே என்று கலங்காதீர்கள், பழைய ஓ லெவலின் மதிப்பு குறையாது. நீங்கள் படித்து எழுதப் போவது எஸ்இசி என்றே வைத்துக்கொள்ளுங்கள். தலைவியிடம் பேசும்போதும் "ஜி3இல் எது, ஜி2 போதுமா" என்று கேளுங்கள். எஸ்இசியில் ஆங்கிலம், தாய்மொழி எழுத்துத் தாள்கள் செப்டம்பரிலேயே வந்துவிடும், மற்றவை அக்டோபரில். பழைய ஓ லெவலைவிட ஒரு மாதம் முன்னதாகவே ஆயத்தமாக வேண்டும்.

இப்போது என் கதை. கணவருக்கு வேலை போன ஆண்டு அது. எப்படியாவது அலுவலக வேலைக்குப் போய்விட வேண்டும் என்ற வேகத்தில் ஆங்கிலம், கணிதம், அறிவியல், கணக்கியல் என்று ஒரே மூச்சில் நான்கு பாடம் பதிந்தேன். பகலில் துணிக்கடை, மாலையில் சமையல், இரவு பத்துக்கு மேல் புத்தகம். நான்கையும் தொட்டேன், ஒன்றிலும் ஆழமாக இறங்கவில்லை. ஜனவரியில் முடிவு வந்தபோது ஒரே ஒரு கிரெடிட்தான், ஆங்கிலத்தில் சி5. அன்று அழுதேன். அடுத்த ஆண்டு கணிதம் மட்டும் எழுதினேன், பி4 கிடைத்தது. அன்று என் மூளை கூர்மையாகிவிடவில்லை, தங்கை. மின்கட்டண ரசீதின் பின்புறத்தில் தினம் மூன்று கணக்கு என்று போட எனக்கு நேரம் கிடைத்தது, அவ்வளவுதான். அதனால் உங்களிடம் மன்றாடிக் கேட்கிறேன்: ஓர் ஆண்டில் ஒரு பாடம், மிஞ்சினால் இரண்டு. தனித்தேர்வருக்கு எத்தனை பாடம் என்பது அவரவர் விருப்பம். இத்தனை எழுதியே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தமாட்டார்கள்.

ஆங்கிலத்தில் தொடங்குங்கள். எந்தப் படிப்பானாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். ஓ லெவல் ஆங்கிலத்தில் எழுத்து 35 விழுக்காடு, கருத்தறிதல் 35, கேட்டல் 10, வாய்மொழி 20. வாய்மொழித் தேர்வில் ஒரு சிறு காணொளியைக் காட்டுவார்கள். யோசிக்கக் கொஞ்ச நேரம் தருவார்கள். பிறகு அதைப் பற்றிப் பேசி, தேர்வாளரின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஏழு ஆண்டுகளாகப் பாலர் பள்ளியில் கதை வாசித்துக் காட்டுகிறீர்கள், பெற்றோரிடம் வாசலில் நின்று பேசுகிறீர்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு வராத தெளிவு உங்கள் பேச்சில் இருக்கும். நீங்கள் உட்கார்ந்து உழைக்க வேண்டியது எழுத்துத் தாளில்தான். அதில் ஒரு பகுதி ஒரு சூழலைத் தந்து கடிதமோ மின்னஞ்சலோ அறிக்கையோ எழுதச் சொல்வது. இந்த வாரம் பள்ளியில் நடந்த ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டு, பெற்றோருக்கு எழுதுவதுபோல் 250 சொற்களில் எழுதிப் பாருங்கள். கணினியில் வேண்டாம், கையால் எழுதுங்கள். ஆண்டுக்கணக்கில் திறன்பேசியில் தட்டிய விரல்கள் இருபது நிமிடத்தில் வலிக்கும். எனக்கு வலித்தது.

தனியாகப் படிக்க முடியுமா என்றால், ஆங்கிலத்துக்கு வேண்டாம் என்றே சொல்வேன். எழுதியதைத் திருத்த ஒருவர் வேண்டும். தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில், நம் பேச்சில் ஐடிஇ, வேலை பார்க்கும் பெரியவர்களுக்கென்றே பொதுக்கல்வி வகுப்புகள் நடந்து வந்திருக்கின்றன. பெஸ்ட் என்ற பெயரில் 1983இல் தொடங்கிய அடிப்படைக் கல்வித் திட்டமும் இப்படிப் பெரியவர்களுக்கென்றே வந்ததுதான். அந்தக் காலத்தில் தொழிற்சாலை வேலை முடிந்து வந்து எழுத்துக்கூட்டிப் படித்த அம்மாக்களை எனக்கு நேரில் தெரியும். எஸ்இசி வருவதை ஒட்டி அங்கே எந்தப் பாடம், எந்த நாள் என்பதைத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். அங்கே நேரம் ஒத்துவராவிட்டால் தனியார் நிலையத்துக்குப் போகலாம். ஆனால் கட்டணம் கட்டும் முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள். கட்டுரையைத் திருத்தித் தருவார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

படிக்க இடம் இல்லை என்றால் உங்களுக்கு உட்லண்ட்ஸ் வட்டார நூலகமே பக்கத்தில் இருக்கிறது. பழைய வினாத்தாள் தொகுப்பை எல்லாரும் "டென் இயர் சீரிஸ்" என்பார்கள். பாப்புலர் கடைகளிலும் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸிலும் கிடைக்கும். எஸ்இசி பாடத்திட்டத்தை இணையத்தில் இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இல்லாத பகுதிகளைப் பென்சிலால் அடித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது பாடமாகக் கணிதம். ஆனால் அதோடு தமிழையும் யோசியுங்கள் என்று சொல்ல ஆசைப்படுகிறேன். உங்கள் கடிதத்தை நான் ஓர் எழுத்துக்கூடத் திருத்தாமல் போட்டிருக்கிறேன். பாலர் பள்ளியில் தமிழ் சொல்லித்தருவதும் ஒரு பணிதான். தமிழில் நல்ல கிரேடு கையில் இருந்தால் அந்த வழியையும் தலைவியிடம் கேட்கலாம். வீட்டில் பேசுகிற மொழியில் ஒரு கிரெடிட் வாங்கும் வாய்ப்பை நம்மவர்கள் பலர் "அது என்ன பெரிய பாடம்" என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் மிகுந்த வருத்தம்.

அறிவியலை இப்போதைக்குத் தொடாதீர்கள். அதற்குச் செய்முறைத் தேர்வு உண்டு, ஆய்வுக்கூடப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். தலைவி கேட்டால் மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

பதிவைச் சிங்கப்பூர்த் தேர்வு, மதிப்பீட்டுக் கழகத்தின் இணையவாசலில், சிங்பாஸ் என்ற மின்னடையாளம் மூலம் செய்யலாம். ஓ லெவலுக்குத் தனித்தேர்வர் பதிவு மார்ச், ஏப்ரல் வாக்கில் கொஞ்ச நாள் மட்டும் திறந்திருந்தது; எஸ்இசிக்கு அது மாறலாம். தேதி போனால் ஓர் ஆண்டே போனதுபோல். அதனால் ஜனவரியிலிருந்தே வாரம் ஒருமுறை அந்தப் பக்கத்தைப் பாருங்கள். தகுதி விதிகளையும் அங்கேயே படித்துவிடுங்கள். கட்டணம் பாடத்துக்கு இவ்வளவு என்று இருக்கும். பதிந்த பிறகு நுழைவுச் சீட்டும் அதே வாசலில்தான் வரும். அச்சடித்து, அடையாள அட்டையோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள். வாய்மொழித் தேர்வு எழுத்துத் தேர்வுக்கு முன்னாலேயே, வேறொரு நாளில் வரும். சீட்டு கைக்கு வந்த அன்றே எல்லாத் தேதிக்கும் விடுப்புக் கேட்டுவிடுங்கள்.

பணத்தைப் பற்றி ஒரு சொல். 40 வயதைத் தாண்டிய சிங்கப்பூரர் என்றால், படிப்புக் கட்டணத்துக்காக அரசாங்கம் 2024 மே மாதம் வழங்கிய 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் உங்கள் கணக்கில் இருக்கும். குறிப்பிட்ட சில படிப்புகளுக்கே அது செல்லும். அதை இங்குமங்கும் கரைக்காமல், நாளைக்குச் சேரப் போகும் பாலர்பருவக் கல்விப் படிப்புக்குப் பயன்படுமா என்று பார்த்து வையுங்கள்.

தேர்வு மண்டபத்தை நினைத்து நீங்கள் கூசுவது கடிதத்தில் எழுதாவிட்டாலும் எனக்குத் தெரிகிறது. எனக்கு ஒதுக்கியது ஓர் உயர்நிலைப் பள்ளி மண்டபம். அடையாள அட்டையை மேசையின் மூலையில் வைத்தேன். இடப்பக்கம் ஓர் இளைஞன், தேசிய சேவையில் இருப்பவன்போல ஒட்ட வெட்டிய முடி. முன்னால் என்னைவிட மூத்த ஒரு சீனப் பெண்மணி, தோளில் கம்பளிச் சால்வை. வலப்பக்கம் ஒரு சின்னப் பெண். கதவு திறக்குமுன் வராந்தாவில் நின்றபோது, "ஆன்ட்டி, எக்ஸ்ட்ரா ரப்பர் இருக்கா?" என்று கேட்டாள். என்னிடம் ஒன்றுதான் இருந்தது. பாதியாகப் பிய்த்துக் கொடுத்தேன். அதன்பிறகு அந்த மண்டபத்தில் வேறு யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் அவரவர் தாள்.

கடைசியாக, உங்கள் மகள். அவளிடம் மறைத்துக்கொண்டு ஆண்டு முழுக்கப் படிக்க முடியாது, தங்கை. ஒரு வீவக அடுக்குமாடி வீட்டில் இரவு பத்து மணிக்குச் சாப்பாட்டு மேசையில் விளக்கு எரிந்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அப்பா இறந்ததும் வேலைக்குப் போனது வெட்கப்பட வேண்டிய செயலா? அந்தப் பதினைந்து வயதுப் பெண்ணைப் பற்றி அவளுடைய மகளுக்குத் தெரிய வேண்டாமா? பெரிய பேச்சாகப் பேச வேண்டாம். பாத்திரம் கழுவும்போது சொல்லுங்கள். சொல்லிவிட்டால் உங்களுக்கு ஒரு கூட்டாளி கிடைப்பாள். இப்போது உயர்நிலை இரண்டில் இருப்பவள் எஸ்இசி எழுதப் போவது 2028இல். நீங்கள் 2027இல் ஆங்கிலம் முடித்தால், அடுத்த ஆண்டு கணிதத்துக்கு இருவரும் ஒரே வினாத்தாளில் உட்கார்வீர்கள். அவள் மேசையில் இருக்கும் ஆங்கிலப் புத்தகத்தை, அவளிடம் கேட்டே, இன்றிரவு எடுத்துப் புரட்டிப் பாருங்கள்.

அன்புடன்,
அக்கா